காருக்கு ஒளு எடுத்துக் கொடுத்தவன்

பொறாமையே இல்லாத மனிதர் ஒருவர் புத்தளத்தில் இருக்கிறார் என்று யாராவது சொன்னால், முதலில் அந்த மனிதரைப் பார்த்துத்தான் எனக்குப் பொறாமை வரும். அப்படிப்பட்ட பிறவி நான். பக்கத்து வீட்டு முருங்கை என் வீட்டு முருங்கையைவிட ஒரு சாண் நீளமாகக் காய்த்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. ஒளித்து வைக்கவும் வழியில்லை. எங்கள் குடும்பத்தில் பால்குடி மறந்த பிள்ளைகள் எல்லாருக்கும் இந்தச் சங்கதி தெரியும். தெரிய வைத்தது ஒரு சிவப்புக் கார்.

நான் ஆலங்குடாவில் போட் இஞ்சின் திருத்துகிறவன். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. இந்த ஊரில் பெண்ணெடுத்தபோது என்னிடம் இருந்தவை ஒரு ஸ்பேனர் பெட்டியும் வாயும்தான். (வாய் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.) அப்படி வந்தவனுக்குக் கிடைத்த ஒரே பட்டம் 'மூத்த மருமகன்'. அந்தப் பட்டத்தை நான் சும்மா வைத்திருக்கவில்லை. மாமி வீட்டுக் கூரை ஒழுகினால் நான், ஆஸ்பத்திரிக்கு ஓடுவதென்றால் நான், கலியாணம் என்றால் என் வேன்.

வேனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வார நாட்களில் அதில் ஏறுவது போட் இஞ்சினும் நனைந்த வலையும். கலியாண நாளில் அதைக் கழுவி, பன்னீர் தெளித்து, முன்கண்ணாடியில் ஜரிகை மாலை கட்டிவிட்டால் அதுதான் மாப்பிள்ளை வாகனம். மாமி வீட்டுக் கலியாணங்களில் வேறு வண்டியில் மாப்பிள்ளை ஏறியதில்லை. மாமியின் இரண்டாவது மகளைக் கட்ட வந்த நிஸ்வானையும் அதில்தான் ஏற்றிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு அவன் வியர்த்துப்போய் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நானா, கொஞ்சம் மெதுவாப் போங்க" என்று கெஞ்சியது எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. (நானா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன்.) அந்த நிஸ்வான்தான் கார் வாங்கினான்.

கத்தாரில் பதினொரு வருடம் உழைத்தவன். அந்தப் புரட்டாதியில் லீவில் வந்தபோது, கொழும்பில் யாரோ ஓடி அலுத்துப்போய் விற்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டு ஆலங்குடாவுக்கே வந்துவிட்டான். சிவப்பு நிறம். இரண்டே இரண்டு சீட். மடித்துத் திறக்கிற துணிக் கூரை. உயரம் என் இடுப்புக்குக் கீழே. அந்தக் காருக்குள் ஏற முடியாது, இறங்கத்தான் வேண்டும். வெளியே வருவதென்றால்தான் ஏற வேண்டும்.

ஊரே திரண்டு வந்தது. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரர் இரண்டு பேர்கூட நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். வந்தவர்கள் எல்லாரும் "மாஷா அல்லாஹ்" என்றார்கள். நல்ல பொருளைக் கண்டால் கண்ணூறு படாமலிருக்க அப்படிச் சொல்வது எங்கள் வழக்கம். நான் மட்டும் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "பெட்ரோல் நல்லாக் குடிக்குமே" என்றேன்.

நிஸ்வான் சிரித்தான். அவன் குணம் அப்படி. அதுவும் எனக்குப் பிடிக்காது. பிறகு பெட்டியைத் திறந்து எனக்கு லுங்கி மாதிரி உடுக்கிற சாரம் ஒன்று எடுத்துத் தந்தான். ஊதாவும் வெள்ளையும் கட்டம் போட்ட சாரம், தொட்டால் பட்டு மாதிரி வழுக்கியது. "பெருநாளைக்கு உடுங்க நானா. உங்களுக்கெண்டே தேடி எடுத்த" என்றான். நன்றி சொன்னேன். வயிறு எரிந்துகொண்டிருக்கும்போது சொல்லும் நன்றி எப்படி இருக்குமோ அப்படி.

அன்றைக்குப் பகல் சோற்றில்தான் இடி விழுந்தது. மாமியின் கடைசி மகன் இர்ஷாத்துக்குத் தை மாதம் நிக்காஹ். பெண் வீடு புத்தளம் டவுனில். மாமி முருங்கைக்காயைச் சப்பிக்கொண்டே, "நிஸ்வான் மகன், உங்கட கார்ல இர்ஷாத்தக் கூட்டிட்டுப் போனா நல்ல வடிவா இருக்கும்" என்றார்.

"அப்ப என்ட வேன்?" என்றேன் நான்.

"பொம்புளைகள் போகவும் வட்டிலப்பச் சட்டி ஏத்தவும் ஒரு வேன் வேணுந்தானே மருமகன்."

வட்டிலப்பச் சட்டி! (வட்டிலப்பம் என்பது தேங்காய்ப்பாலில் முட்டையும் கருப்பட்டியும் கலந்து அவிக்கிற கலியாண இனிப்பு.) பன்னிரண்டு வருடமாக மாப்பிள்ளை ஏறிய வேன்! நான் முகத்தில் ஒன்றும் காட்டாமல் சோற்றைப் பிசைந்தேன். பிசைந்த பிசையில் அது களியாகிவிட்டது என்று என் மனைவி பரீதா பின்னர் சொன்னாள்.

இதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. நிஸ்வானுக்கு ஒப்பந்தத்தில் கடைசி மூன்று மாதம் பாக்கி இருந்தது. திரும்பக் கத்தார் போக வேண்டும். அந்த மூன்று மாதமும் எங்கள் பக்கம் மாரி. துணிக் கூரைக் காரை மழையில் விட முடியாது. கார்ச் சாவியை, எங்கள் பேச்சில் திறப்பை, என் கையில் வைத்து, "நீங்க இஞ்சின் ஆள்தானே நானா. உங்கட கொட்டிலுக்குள்ள வச்சிப் பாத்துக்கங்க" என்றான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது போல நானும் தலையை ஆட்டினேன்.

தொழில் விஷயத்தில் மட்டும் எனக்கு வஞ்சகம் கிடையாது. சோழகக் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் பக்கம் போட்டுகள் கரையேறும். அப்போது இஞ்சின்களைக் கழற்றி மூடி வைப்பது என் பொறுப்பு. நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், இரும்பில் கிரீஸ் பூச வேண்டும், உப்புக் காற்றும் மணலும் பூராமல் இஞ்சின் மூச்சு விடுகிற வாயில் துணி அடைக்க வேண்டும், தார்ப்பாய்ப் படங்கு போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். அதே மாதிரி இந்தக் காரையும் மூடி வைத்தேன். பெட்டரி வயரைக் கழற்றினேன், கிரீஸ் பூசினேன், எலிக்குப் பூச்சி உருண்டை போட்டேன், அடைக்க வேண்டியதை அடைத்தேன். வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை. "வட்டிலப்பச் சட்டியாம், வட்டிலப்பச் சட்டி" என்று தொடக்கம் முதல் முடிவு வரை திட்டிக்கொண்டே செய்தேன். கோபத்தில் செய்த வேலை, கை செய்தது, மனம் அங்கே இல்லை. அது முக்கியம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் கை துடைக்க நான் கொண்டு போனது அந்தப் பட்டுச் சாரம். கொட்டிலில் பழந்துணி இல்லாமலில்லை, மூட்டை மூட்டையாகக் கிடந்தது. இருந்தும் அதைத்தான் எடுத்தேன். அதில் கிரீஸைத் துடைத்தபோது என் நெஞ்சுக்குள் சில்லென்று ஒரு சுகம். பொறாமைக்காரனின் சுகம் அவ்வளவுதான், வேறென்ன!

மாரி தொடங்கியது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் கொட்டிலுக்குள் போய், படங்கை ஒரு பக்கம் தூக்கி, காருக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்வேன். சும்மா பார்க்கத்தான். பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தேன். பிறகு கியரை மாற்றினேன். ஒரு நாள் நான் வீட்டுக்குள் வந்ததும், சோறு போடும்போது பரீதா கேட்டாள்.

"இஞ்ச பாருங்க, நிஸ்வான் தம்பிட கார ஸ்டார்ட் பண்ணீங்களா? சத்தம் கேட்டிச்சே."

"பெட்டரி கழட்டி வச்ச காரு எப்படிடி ஸ்டார்ட் ஆகும்?"

"அப்ப அந்தச் சத்தம்?"

சத்தம் என் வாயிலிருந்து வந்தது என்று ஒரு மனுசன் எப்படிச் சொல்லுவான்? "போட் ஒண்டு போச்சி" என்றேன். மாரியில், கொட்டுகிற மழையில், வீட்டுக்குப் பின்னால் போட் போனதாம்.

தை பிறந்தது, நிஸ்வான் வந்து இறங்கினான். நிக்காஹ்வுக்கு நான்கு நாள். குடும்பமே கொட்டில் வாசலில் நின்றது. படங்கை உருவினேன். கார் வைத்தது வைத்தபடி பளபளத்தது. ஒரு எலிப் புழுக்கைகூட இல்லை. "பாத்தீங்களா" என்ற மாதிரி மாமியைப் பார்த்தேன். நிஸ்வான் பெட்டரி வயரைப் பூட்டி, உள்ளே இறங்கி, திறப்பைத் திருப்பினான். இஞ்சின் பிடித்தது. ஆனால் கொஞ்ச நேரம் உறுமியதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சள் நிறத்தில் சின்னதாக ஓர் இஞ்சின் படம் எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

"இது என்ன லைட் நானா?" என்றான் நிஸ்வான்.

என் தொழிலில் எச்சரிக்கை லைட் என்று ஒன்றை நான் கண்டதில்லை. நான் திருத்துகிற இஞ்சின் பழுதானால் இருமும், புகை கக்கும், நடுக்கடலில் நின்று ஆளைக் கதறவிடும். படம் காட்டாது. ஆனால் அத்தனை பேருக்கு முன்னால் தெரியாது என்று சொல்ல வாய் வருமா?

"லைட் பொய் சொல்லுது" என்றேன். "மூணு மாசம் சும்மா கிடந்ததுதானே. சரியாப் போகும்."

சரியாகப் போகவில்லை. முதல் நாள் பிளக் நான்கையும் கழற்றித் துடைத்துப் போட்டேன். லைட் எரிந்தது. இரண்டாம் நாள் பெட்ரோலை மாற்றினேன், வயர் வயராகத் தடவிப் பார்த்தேன். அப்போதும் எரிந்தது. மணல் பாதையான எங்கள் ஒழுங்கையில் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் ஓடியது. ஆனால் காலை அழுத்தினால் நெஞ்சடைத்தவன் மாதிரி முக்கியது. நிஸ்வான் ஃபோனில் வீடியோ பார்த்து, "மூச்சுப் பாதை"யாக இருக்கலாம் என்றான். "அதெல்லாம் வெளிநாட்டுக் காருக்கு" என்று ஒரே போடாகப் போட்டேன். (நின்றுகொண்டிருந்தது உள்நாட்டுக் காரா என்று அவன் கேட்கவில்லை. மரியாதைக்காரன்.)

"நானா, பொண்ணுட வாப்பா கார் கரண்ட் வேலதானே செய்றார். கம்பியூட்டர் போட்டுப் பாக்குற சாமானும் இருக்காம். அவர்ட்டக் காட்டுவமா?"

"கலியாணத்துக்கு முந்தி சம்பந்தி வீட்ல கொண்டு போய்ப் பழுதான காரக் காட்டுறதா? மாப்பிள்ள வீட்டு மரியாத என்ன ஆகுற?"

உண்மை அதுவல்ல. நான் மூடி வைத்த இஞ்சினை இன்னொருவன் திறந்து பார்ப்பதா? என் வயிறு சம்மதிக்கவில்லை.

அன்று பின்னேரம் மாமி தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இது கண்ணூறு. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதெண்டு சும்மாவா சொன்னாங்க?" செத்தல் மிளகாயும் உப்பும் கையில் எடுத்து, காரைச் சுற்றி மூன்று தரம் சுற்றி, சிரட்டை நெருப்பில் போட்டார். மிளகாய் கருகினால் ஊரே இரும வேண்டும். யாரும் இருமவில்லை. கண்ணூறு பலமாக இருந்தால் மிளகாய்க் காரம் ஏறாது என்பது மாமியின் கணக்கு. எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்போது ஒரே ஒரு ஆள் இருமினான்.

நான்தான். சும்மா இல்லை, கண்ணில் தண்ணீர் வர, குனிந்து, தொடையைப் பிடித்துக்கொண்டு இருமினேன்.

"மருமகனுக்கு மட்டும் எப்படி ஏறினிச்சி?" என்றார் மாமி.

"சளித் தடிமல் மாமி" என்றேன்.

நிஸ்வான் பாவம், "வெளியாள் ஒருத்தரும் காரக் காணல்லயே மாமி. நானாட கொட்டிலுக்குள்ளதானே இருந்திச்சி. நானா மட்டுந்தான் பாத்தார்" என்றான். எனக்குச் சாட்சி சொல்வதாக நினைத்துத்தான் சொன்னான்.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மூன்று மாதம் பார்த்தேனே! பார்த்த பார்வையா அது? ஒரு நாளாவது "மாஷா அல்லாஹ்" சொன்னேனா? கருங்கல்லே வெடிக்கும், கார் எம்மாத்திரம். எல்லாம் என் கண்தான் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. நாளை மறுநாள் நிக்காஹ். இர்ஷாத் நடு றோட்டில் நின்றால் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும், இது யாருடைய வேலை என்று. அவன் நான் தூக்கி வளர்த்த பிள்ளை மாதிரி. என் பொறாமை நிஸ்வானுக்காக வைத்தது, இர்ஷாத்துக்காக இல்லை.

அப்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் கேட்ட பயான் பிரசங்கம் ஞாபகம் வந்தது. கண்ணூறு வைத்தவர் ஒளு எடுத்து, அந்தத் தண்ணீரைக் கண்ணூறு பட்டவர் மேல் ஊற்றினால் தீரும் என்று பள்ளிவாசல் ஹஸ்ரத் சொன்னார். (ஒளு என்பது தொழுகைக்கு முன்னால் முகம், கை, கால் கழுவிச் சுத்தமாவது.) ஹஸ்ரத் சொன்னது மனிதருக்கு. கார் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மூளைதான் அந்த இடத்தில் காரை ஏற்றிக்கொண்டது.

நிக்காஹ் நாள் விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு எழும்பினேன். ஒரு பேசினை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குள் போய், அதற்குள்ளேயே தண்ணீர் விழும்படி, ஒன்றையும் விடாமல் ஒளு எடுத்தேன். பொனட்டைத் திறந்தேன். தொழிலை மறக்கவில்லை பாருங்கள். கரண்ட் இருக்கும்போது தண்ணீர் ஊற்றக்கூடாது என்று பெட்டரி வயரை முதலில் கழற்றினேன். பிறகு "யா அல்லாஹ், என் கண்ணை மன்னித்துவிடு" என்று சொல்லி, பேசின் தண்ணீர் முழுவதையும் இஞ்சின் தலையில் ஊற்றினேன். சூடான இஞ்சின் இல்லை, இருந்தும் எனக்கென்னவோ ஆவி பறந்த மாதிரி இருந்தது. துடைத்து, வயரைப் பூட்டி, திறப்பைத் திருப்பினேன்.

லைட் இல்லை.

அழுகை வந்துவிட்டது. உண்மையாகவே வந்தது. (பெட்டரியைக் கழற்றினால் அந்த மாதிரிக் கார்கள் பழைய பழுதைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுமாம். இது பிறகு தெரிந்தது. அப்போது நான் அதை அல்லாஹ் ஏற்றுக்கொண்ட அடையாளமாக நினைத்தேன்.) நிஸ்வான் வந்து பார்த்துவிட்டு, "என்ன செஞ்சீங்க நானா?" என்று கேட்டபோது, "தொழில் ரகசியம்" என்றேன்.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த கையோடு நிக்காஹ். பதிவுக்காரருக்கு அன்று வேறு இடத்திலும் ஒரு கலியாணம் இருந்ததால், பிந்தினால் நிற்க மாட்டேன் என்று முதலே சொல்லிவிட்டார். முன்னால் சிவப்புக் கார், நிஸ்வானும் மாப்பிள்ளையும். பின்னால் என் வேன், மாமி, பரீதா, அவள் தங்கையான நிஸ்வான் மனைவி, இன்னும் ஏழெட்டுப் பெண்கள், நான்கு வட்டிலப்பச் சட்டி. நுரைச்சோலை தாண்டியதும் நல்ல தார் றோட் வந்தது. நிஸ்வான் காலை அழுத்தினான். சிவப்புப் புள்ளியாகக் கார் ஓடி மறைந்தது. "எவ்வளவு வடிவா போகுது" என்றாள் பரீதாவின் தங்கை. காலையில் கழுவி ஊற்றிய பொறாமை பகலுக்குள் திரும்ப ஊறிவிட்டது. அது அப்படித்தான், கிணறு மாதிரி.

பாலாவிக்குக் கிட்ட உப்பளங்கள் தொடங்குகிற இடத்தில், றோட்டோரம் அந்தக் கார் நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், முதல் ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷம். இரண்டாம் நிமிடத்தில்தான் மாப்பிள்ளையின் ஞாபகம் வந்து பிரேக்கை மிதித்தேன்.

"லைட் திரும்ப வந்திச்சி நானா. பிறகு மூச்சு முட்டின மாதிரி இழுத்து இழுத்து நிண்டுட்டு" என்றான் நிஸ்வான். கோட்டும் தொப்பியும் போட்ட மாப்பிள்ளை உப்புக் காற்றில் நின்றுகொண்டு மணியைப் பார்த்தான். "மச்சான், எனக்கு எதுல போனாலும் பரவால்ல. அஸருக்கு முந்திப் போனாப் போதும்."

வேனில் எங்கே இடம்? முன் சீட்டில் மாமி. மாமி பின்னால் போய் நெருங்கிக்கொண்டார். மாப்பிள்ளை முன்னால் ஏறினான். மாமி மடியில் வைத்திருந்த சட்டிக்குப் பின்னால் இடமில்லை; மாப்பிள்ளை மடியில் வைத்தோம். காரை விட்டுவிட்டுப் போகலாம் என்றேன். "றோட்டுல விட்டுட்டா? எனக்கு மனசு வராது நானா" என்றான் நிஸ்வான். போட் கட்டுகிற கயிறு வேனில் எப்போதும் இருக்கும். கட்டினோம். இப்படியாக, என் பழைய வேன் கயிற்றில் இழுக்க, நிஸ்வான் தலை குனிந்து ஸ்டியரிங் பிடிக்க, சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் புத்தளம் டவுனுக்குள் வந்தது. நான் எதற்காக மூன்று மாதம் ஏங்கினேனோ அது நடந்தது. மாப்பிள்ளை என் வேனில் வந்தான். கனவில் நான் வட்டிலப்பச் சட்டியை மட்டும் காணவில்லை.

பெண் வீட்டு வாசலில் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். தொழுகைக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பெண்ணின் வாப்பாவை எல்லாரும் ஹாஜியார் என்பார்கள். வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி, அத்தர் வாசம். மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்து, சட்டியை வாங்கி யாரிடமோ கொடுத்து, உள்ளே அனுப்பினார். அத்தோடு அவரும் உள்ளே போயிருந்தால் நான் தப்பியிருப்பேன். ஆனால் தொழில்காரன் கண் கயிற்றில் கட்டிய காரைக் கண்டால் விடுமா?

"என்னவாம்?" என்றார்.

"சும்மா ஒரு லைட் ஹாஜியார். லைட் பொய் சொல்லுது" என்றேன்.

"லைட் பொய் சொல்லாது மகன். மனுசன்தான்" என்றார். கையை மடித்துவிட்டார். பொனட்டைத் திறந்தார். முகம் சுருங்கியது. "இதென்ன, பிளக் குழியெல்லாம் தண்ணி நிக்குது?"

"பனி" என்றேன். தை மாதப் பனி, ஒரு பேசின் அளவு.

அவர் குனிந்து, முன்னால் காற்று உள்ளே போகிற குழாயைப் பிடித்துப் பார்த்தார். மேல்பக்கத்தைக் கழற்றினார். இரண்டு விரலை விட்டார். எதையோ பிடித்து இழுத்தார். ஊதா நிறத்தில் ஒரு நுனி வந்தது.

எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. வட்டிலப்பச் சட்டி, வட்டிலப்பச் சட்டி என்று திட்டிக்கொண்டே, கையிலிருந்த துணியைப் போட் இஞ்சினுக்கு அடைப்பது போல அந்த மூச்சு வாயில் அடைத்து, மறந்தே போன என் கை! காலை அழுத்த அழுத்த இஞ்சின் அதை உள்ளே உறிஞ்சியிருக்கிறது. கண்ணூறுமில்லை, ஒன்றுமில்லை.

ஹாஜியார் இழுத்தார். வந்தது. இன்னும் இழுத்தார். இன்னும் வந்தது. கலியாண வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் சுற்றி நின்று பார்க்க, முழுசாக நாலு முழச் சாரம் ஒன்று, கிரீஸ் அப்பி, கடைக்காரனின் ஸ்டிக்கர்கூடக் கழற்றாமல், காரின் தொண்டையிலிருந்து வெளியே வந்தது. பெண் வீட்டு வாசலில் பிரசவம் பார்த்த மாதிரி இருந்தது.

வேன் ஜன்னலால் பரீதா தலையை நீட்டினாள். அவளுக்கு எந்த நேரத்தில் எதைச் சொல்வது என்று ஒருநாளும் தெரியாது.

"அட! நிஸ்வான் தம்பி தந்த சாரம்! பெருநாளைக்கு எவ்வளவு தேடினன்! பெட்டிக்குள்ள இரிக்குதெண்டாரே இந்த மனுசன்!"

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது. சுற்றி நின்றவர்கள் நிஸ்வானைப் பார்த்தார்கள். நிஸ்வான் மெதுவாக வந்து, ஹாஜியாரின் கையிலிருந்து சாரத்தை வாங்கி, ஒரு தரம் உதறி, அகலத்தைப் பிடித்துப் பார்த்தான்.

"நானா," என்றான், "அளவு சரியில்லயா?"

முதலில் சிரித்தது ஹாஜியார். பிறகு பதிவுக்காரர். பிறகு புத்தளமே சிரித்த மாதிரி எனக்குக் கேட்டது. நிக்காஹ் நேரத்துக்கு நடந்தது, அல்ஹம்துலில்லாஹ். கார் அதற்கிடையில் உயிர் வந்து, லைட் இல்லாமல், வாசலில் உறுமிக்கொண்டு நின்றது.

சாப்பாட்டுக்குச் சஹன் வைத்தார்கள். பெரிய தட்டு ஒன்றில் சோறும் கறியும் நிறைத்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவது எங்கள் வழக்கம். கோபக்காரனோடும் ஒரே சோற்றில் கை போட வேண்டும், தப்பிக்க வழியில்லை. நான் ஓர் ஓரத்தில் ஒளியப் பார்த்தேன். நிஸ்வான் வந்து எனக்கு நேரே உட்கார்ந்தான். நான் தலை நிமிரவில்லை. கோழிக்கால் ஒன்று மெதுவாக என் பக்கம் நகர்ந்து வந்தது.

"நிஸ்வான், பொறாமையில செஞ்ச" என்றேன் சோற்றைப் பார்த்துக்கொண்டே. "அடைச்சது மறதியில. சாரத்த எடுத்தது பொறாமையில."

"தெரியும் நானா."

"எப்படித் தெரியும்?"

"எனக்கும் இரிக்கிதானே." அவன் குரல் தாழ்ந்தது. "பதினொரு வருசம் நான் ஃபோன் எடுக்கிற நேரமெல்லாம் மாமி என்ன சொல்லுவாங்க தெரியுமா? கூர ஒழுகினிச்சி, மூத்த மருமகன் வந்து பாத்தார். புள்ளைக்குக் காய்ச்சல், மூத்த மருமகன் கொண்டு போனார். என்ட புள்ளைக்குத்தான் காய்ச்சல் நானா. நான் அங்க இருந்து கேட்டுக்கிட்டிருந்தன். ஒரு தரமாவது மாமி 'நிஸ்வான் மகன் செஞ்சார்'ண்டு சொல்லணுமெண்டுதான் இந்தக் கார வாங்கின."

அந்தக் காய்ச்சல் நாள் எனக்கு ஞாபகம் இருந்தது. பிள்ளையை வேனில் போட்டுக்கொண்டு ஓடிவிட்டு வந்து, என்னை விட்டால் இந்தக் குடும்பத்துக்கு ஆருமில்லை என்று எவ்வளவு பெருமையாகப் படுத்தேன்! கோழிக்காலை அவன் பக்கம் தள்ளினேன். அவன் திரும்ப என் பக்கம் தள்ளினான். நாங்கள் இப்படித் தள்ளிக்கொண்டிருக்க, பக்கத்தில் இருந்த பதிவுக்காரர் அதை எடுத்துச் சாப்பிட்டுவிட்டார்.

திரும்பி வரப் புறப்படும்போது மாமியிடம் சொன்னேன், நிஸ்வான் இல்லாவிட்டால் இன்றைக்கு ஒன்றும் நடந்திருக்காது, கார் தந்தது அவன்தானே என்று. கேட்கிற தூரத்தில் நிஸ்வான் நின்றான். மாமி, "ஓம் ஓம், நிஸ்வான் மகன்தான் எல்லாம் செஞ்சார்" என்றார். அவன் முகத்தைப் பார்த்தேன். கத்தார்க் காசு முழுக்கக் கொட்டினாலும் வராத முகம். ஒரு சின்னக் குத்தல் எனக்கு வந்தது, பொய் சொல்ல மாட்டேன். வந்து போய்விட்டது.

பிறகு மாமி என் பக்கம் திரும்பினார்.

"அது சரி மருமகன், நான் ஒண்டு கேக்கணும். சுபஹுக்கு எங்கட அடுப்படி ஜன்னலால உங்கட கொட்டிலப் பாத்தன். பேசினோட கார்கிட்ட நிண்டீங்க. காருக்கு ஒளு எடுத்துக் குடுத்தீங்களா?"

அவ்வளவுதான். அந்த நாளிலிருந்து இந்த நாள் வரை எங்கள் வீட்டில் யார் அந்தக் காரில் ஏறினாலும், மன்னிக்கவும், இறங்கினாலும், "காருக்கு ஒளு இரிக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் கதவைச் சாத்துவார்கள். ஃபேன் நின்றால், மிக்ஸி சுற்றாவிட்டால், "நானாட சாரம் உள்ள கிடக்கும், பாருங்க" என்பார்கள். இர்ஷாத்தின் கலியாண அல்பத்தில் முதல் படம், வேன் முன் சீட்டில் மடியில் வட்டிலப்பச் சட்டியோடு மாப்பிள்ளை. அவன் மனைவி அதைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். ஹஸ்ரத்திடமும் யாரோ சொல்லிவிட்டார்கள். அவர் சிரித்து முடித்துவிட்டு, "தம்பி, கழுவினது வீண் போகல்ல, ஊத்தின இடந்தான் பிழை" என்றார்.

நிஸ்வான் இப்போது ஊரோடு வந்துவிட்டான். போன மாதம் புது போட் ஒன்று இறக்கினான், கடல் நீலத்தில், பின்னால் இரட்டை இஞ்சின் வைத்து. கரையில் குடும்பமே நின்றது. அந்த இரண்டு இஞ்சின்களையும் கண்டதும் எனக்கு நெஞ்சுக்குள் பழைய கிணறு சுரக்கத் தொடங்கியது. வேறு யாரும் வாய் திறக்கும் முன்னம், நான் கடலுக்குக் கேட்கிற மாதிரி மூன்று தரம் "மாஷா அல்லாஹ்" சொன்னேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமி வேனுக்குப் போனார். திரும்பி வந்து, வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்த பேசினை என் காலடியில் வைத்தார்.

"எதுக்கும் இரிக்கட்டும் மருமகன்" என்றார்.